பட்டியலில் இல்லாத மொன்றியல் கிற்றார்க்காரர்

போன மாதம் லசாலில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். கேக் வெட்டி, சாப்பாடு முடிந்து, ஆம்பிளையள் நாங்கள் வழக்கம்போல பேஸ்மென்ற்றுக்குள் இறங்கிவிட்டோம். அங்கே சிஜெப் படிக்கிற என் மருமகன் கிற்றாரை மடியில் வைத்து ஏதோ மீட்டிக்கொண்டிருந்தான். போதாதா? உலகத்திலேயே பெரிய கிற்றார் கலைஞர் ஆர் என்று விவாதம் தொடங்கிவிட்டது.

ஒரு அண்ணை எழுபதுகளின் கடைசியில் இளையராஜாவின் பாட்டுகளில் வந்த கிற்றாரைத் தாண்டி ஒன்றுமில்லை என்று ஒரே பிடியாக நின்றார். இன்னொருவருக்கு ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 1968 ஏப்ரலில் அந்த மனுஷன் இதே மொன்றியலில், போல் சோவே அரங்கில் வந்து வாசித்தது தெரியுமோ என்று எங்களை மடக்கினார். மருமகன் போனைத் திறந்து றோலிங் ஸ்ரோன் சஞ்சிகையின் பட்டியல்களைக் காட்டினான். 2003 இலும் ஹென்ட்ரிக்ஸ் முதலாவது, இருபது வருஷம் கழித்து 2023 இலும் ஹென்ட்ரிக்ஸ்தான் முதலாவது. பிறகு எல்லாம் எண்ணிக்கைக் கணக்கு. ஆருக்கு எத்தனை இசைத்தட்டு விற்றது, எத்தனை விருது, யூரியூப்பில் எத்தனை பேர் பார்த்தது.

நான் நெல்சன் சைமண்ட்ஸ் என்றேன். ஒருத்தருக்கும் தெரியாது. மருமகன் தேடிப் பார்த்துவிட்டு, இவருக்கு இசைத்தட்டே பெரிசா இல்லைப் போல கிடக்கு மாமா, பிறகு எப்பிடிப் பெரிய ஆள் எண்டு சொல்றியள் என்று கேட்டான். நல்ல கேள்வி. படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, அவனுக்கு இல்லாததுகளைச் சொல்லிக் குடுக்காதை, முதல் அவன் படிப்பை முடிக்கட்டும் என்று என்னைப் பேசிவிட்டுப் போனா. அவவின் பயம் எனக்குத் தெரியும். அந்த இரவு இரண்டு பேருக்கும் சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெல்சன் சைமண்ட்ஸ் 1933 செப்ரெம்பரில் நோவா ஸ்கோஷியாவில், ஹலிஃபக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹமண்ட்ஸ் பிளெய்ன்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அந்த ஊரின் கதையைக் கொஞ்சமாவது சொல்லாமல் மேலே போக ஏலாது. 1812 இல் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் யுத்தம் மூண்டது. எங்கள் பக்கம் வந்தால் விடுதலை என்று பிரித்தானியர் அமெரிக்கத் தோட்டங்களில் இருந்த அடிமைகளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். ஓடிவந்தவர்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைக் கப்பல்களில் ஏற்றி நோவா ஸ்கோஷியாவில் இறக்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஹமண்ட்ஸ் பிளெய்ன்ஸில் காணி கிடைத்தது. கல்லும் காடும்தான், விதைத்தால் விளையாத நிலம். 1821 இல் கொஞ்சப் பேர் இந்தக் குளிரும் பசியும் போதும் என்று ட்ரினிடாட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். நின்றவர்கள் மரம் அரிந்தார்கள், பீப்பாய் செய்து விற்றார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் அவர்களை இன்றைக்கும் கறுப்பு அகதிகள் என்றுதான் எழுதுகின்றன. 1986 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு வள்ளங்களில் மிதந்துகொண்டிருந்த எங்கள் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றியதை நாங்கள் மறப்பதில்லை. அதே அத்லாந்திக் கரையில் எங்களுக்கு 170 வருஷம் முன்னமே கப்பலால் இறங்கிய அகதிகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைப்பது நல்லது.

அந்த அகதிகள் குடியேறிய ஊரில்தான் நெல்சன் வளர்ந்தார். முதலில் பான்ஜோ, பிறகு கிற்றார். ஆரும் உட்கார வைத்துப் படிப்பிக்கவில்லை. காதால் கேட்டு, விரலால் தேடிப் பிடித்த வித்தை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒன்ராறியோவின் சட்பரிக்கு, உறவினர் இருந்த இடத்துக்குப் போனார். நிக்கல் சுரங்க நகரம் அது. பிறகு மூன்று வருஷமளவில் அமெரிக்காவைச் சுற்றுகிற கார்ணிவல் குழுக்களோடு அலைந்தார். கார்ணிவல் என்றால் கூடாரம் அடித்து, ஆட்டமும் பாட்டும் காட்டி, கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்குப் போகிற தொழில். ஒரே நாளில் பல காட்சி, ஆடுகிறவர் கேட்கிற பாட்டு, பாடுகிறவருக்குத் தோதான சுருதி. கல்லூரியில் நாலு வருஷம் படித்தாலும் இந்தப் பழக்கம் வராது. எங்கள் ஊர்ப் பக்கத்து இசைநாடகக் கொட்டகைகளில் ஆர்மோனியம் வாசித்தவர்களைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

1958 இல் மொன்றியலுக்கு வந்தார். அதற்குப் பிறகு இந்த நகரம்தான் அவருடைய ஊர்.

அந்தக் காலத்து மொன்றியலில் கறுப்பின மக்கள் கூடுதலாக வாழ்ந்தது சென் அந்துவான் தெருவை ஒட்டிய பகுதியில். இப்ப லிட்டில் பேர்கண்டி என்கிறோம். ஏன் அங்கே? ரயில் நிலையங்கள் பக்கத்தில் இருந்தன. ரயில் கம்பனிகள் படுக்கைப் பெட்டிகளில் சேவகம் செய்யக் கறுப்பின ஆண்களைத்தான் வேலைக்கு எடுத்தன. பெட்டி தூக்குவது, படுக்கை விரிப்பது, சப்பாத்துத் துடைப்பது. பயணிகள் கனபேர் அவர்களுடைய பெயரைக் கூடக் கேட்கமாட்டார்கள், எல்லாரையும் ஜோர்ஜ் என்றே கூப்பிடுவார்கள். எண்பதுகளில் இந்த நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கத்தில் கோப்பை கழுவின எங்கள் ஆட்களுக்கு, பெயர் தொலைவது எப்படி என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அப்படி ரயிலில் வேலை செய்த ஜமைக்காக்காரர் ஒருவர், ரூஃபஸ் ரொக்ஹெட், சேர்த்த காசில் 1928 இல் சென் அந்துவானும் மவுண்டன் தெருவும் சந்திக்கிற முனையில் ஒரு விடுதி திறந்தார். ரொக்ஹெட்ஸ் பரடைஸ். வருகிற பெண்களுக்கு வாசலில் ஒரு ரோசாப்பூ கொடுப்பாராம். அமெரிக்காவின் பெரிய பெரிய கலைஞர்கள் வந்து பாடிய இடம். நெல்சனும் அங்கே வாசித்தார். ஆனால் அவர் வந்த நேரம் சரியில்லை என்றுதான் சொல்ல வேணும். 1954 இல் நகரபிதாவான ஜோன் டிராப்போ நகரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று இரவு விடுதிகளுக்குப் பின்னால் திரிந்தார். ரெலிவிஷன் வந்து சனத்தை வீட்டுக்குள் இருத்தியது. றொக் அண்ட் றோல் வந்து இளசுகளை அள்ளிக்கொண்டு போனது. ஜாஸின் பொற்காலம் முடிந்து, விளக்கு ஒவ்வொன்றாக அணைகிற நேரத்தில் இந்த மனுஷன் கிற்றாரோடு வந்து நின்றார்.

அவருக்கு வாய்த்த பெரிய துணை சார்ள்ஸ் பிடில். அமெரிக்கர், பேஸ் வாசிப்பவர். 1948 இல் ஒரு குழுவோடு மொன்றியலுக்கு வந்தவர், இங்கே கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார முடிகிறதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். கன காலம் பகலில் கார் விற்றார், இரவில் வாசித்தார். இரண்டு பேரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து இந்த நகரத்து விடுதிகளில் வாசித்தார்கள். அறுபதுகளில் பிளக் பொட்டம் என்ற விடுதிதான் நெல்சனின் கோட்டை. மற்ற இடங்கள் மூடின பிறகும் அங்கே இசை ஓடிக்கொண்டிருக்கும். மொன்றியலுக்கு வந்த அமெரிக்க இசைக்காரர்கள் தங்கள் நிகழ்ச்சி முடிந்ததும் அங்கே போய்க் குந்துவார்கள். ஏன் போனார்கள் என்பதில்தான் மருமகனின் கேள்விக்கு முதல் பதில் இருக்கிறது. தன் வேலையை முடித்துக் களைத்துப்போன ஒரு இசைக்காரன், நித்திரையை விட்டு, தன் காசில் இன்னொருவன் வாசிப்பதைக் கேட்கப் போகிறான் என்றால் அது விளம்பரத்துக்காக இல்லை. அவனுக்கு அங்கே களவெடுக்க ஏதோ இருக்கிறது.

கிற்றார் உண்மையில் பொல்லாத வாத்தியம். தட்டின மறு நொடியே சத்தம் செத்துப்போகும். நாகஸ்வரம் மாதிரி மூச்சைப் பிடித்து ஒரு சுரத்தை நிறுத்திவைக்க ஏலாது. 1939 அளவில் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் மின்சாரக் கிற்றாரைக் கையில் எடுத்து, சக்ஸபோன்காரர்களைப் போல நீண்ட வசனமாக அதைப் பேசவைத்தார். மூன்று வருஷத்தில், 25 வயதில் இறந்தும் போனார். அதற்குப் பிறகு வந்த ஜாஸ் கிற்றார்க்காரர் எல்லாருக்கும் ஒரே சோதனைதான்: செத்துக்கொண்டே இருக்கிற சின்னச் சின்னச் சத்தங்களை அடுக்கி, மூச்சு விடாத ஒரு பேச்சாக ஆக்கமுடியுமா? அதோடு பியானோ இல்லாத சின்னக் குழுவென்றால் இன்னொரு சுமையும் சேரும். பாட்டின் கோடும் நீதான், அதற்கு அடியில் நிற்கிற சுவரும் நீதான். நெல்சனின் பெயர் இதில்தான் நின்றது. வேகம் இருந்தது, அது கனபேரிடம் இருக்கிறது. வேகத்துக்குள்ளே வசனம் உடையாமல் போகும், அதுதான் அவரிடம் விசேஷம்.

சரி, இவ்வளவு பெரிய ஆளின் பெயர் ஏன் வெளியே போகவில்லை?

இதே தெருவில் வளர்ந்த ஒஸ்கார் பீற்றர்சனைப் பாருங்கோ. ரயில் சேவகர் ஒருவரின் மகன். 1949 இல் அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் நோர்மன் கிரான்ஸ் மொன்றியலில் ரக்சியில் விமான நிலையம் போய்க்கொண்டிருந்தார். றேடியோவில் பியானோ கேட்டது. இசைத்தட்டு என்று நினைத்தாராம். இல்லை, அல்பேர்ட்டா லவுஞ்சிலிருந்து இந்த நேரம் வாசிக்கிறார்கள் என்று சாரதி சொல்ல, வண்டியைத் திருப்பச் சொன்னார். அந்தச் செப்ரெம்பரிலேயே பீற்றர்சன் நியூ யோர்க் கார்னகி மண்டபத்தில். மற்றப் பக்கம் வெஸ் மொன்ற்கொமரி. இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை, இரவில் கிளப், நடுச்சாமத்துக்குப் பிறகு இன்னொரு கிளப் என்று உழைத்தவர். 1959 இல் கனன்போல் அடர்லி ஒரு இரவு வந்து கேட்டார், தன் இசைத்தட்டுக் கம்பனிக்குச் சொன்னார். இன்றைக்கு மொன்ற்கொமரி இல்லாத ஜாஸ் கிற்றார்ப் பட்டியல் கிடையாது. ஒரு ரக்சி றேடியோ, ஒரு இரவு விருந்தாளி. பட்டியல் என்பது இப்படியும் உருவாகிறது பாருங்கோ.

ஆனால் நெல்சனைக் கேட்க ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், கேட்டார்கள், கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை என்பதுதான் இந்த நகரத்து இசைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்வது. அமைதியான, கூச்சம் பிடித்த மனுஷன். தன்னைத் தானே விற்கத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. சின்ன வயதில் கார்ணிவலோடு அலைந்த அலைச்சலே போதும் என்று இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். போகாததை ஒரு துறவு மாதிரித் தூக்கிப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அறுபதுகளில், அவர் முழு வேகத்தில் இருந்த காலத்தில், எவராவது ஒழுங்காக ஒலிப்பதிவு செய்திருந்தால் மருமகன் அன்றைக்கு அந்தக் கேள்வியே கேட்டிருக்கமாட்டான். சக கலைஞர்கள் சிலரின் இசைத்தட்டுகளில் வாசித்தார். தன் பெயர் போட்ட தட்டு வந்தது வயது போன பிறகுதான். அது நட்டம். அவருக்கு மட்டுமில்லை, எங்களுக்கும் நட்டம். இரவு விடுதியில் வாசிப்பவனுக்கு அந்தக் கிழமைச் சம்பளம் மட்டும்தான். விடுதி மூடினால் அதுவும் இல்லை. அக்கா பயப்படுகிறதில் பிழை ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். நெல்சன் பிறந்த அதே 1933 இல் பிறந்தவர், தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி. 1975 இல், 41 வயதில் போய்விட்டார். தமிழ்நாட்டுப் பெரிய வித்துவான்களே கொண்டாடிய கை. கோயில் திருவிழாவில் விடிய விடிய மணலில் குந்தியிருந்து அவரைக் கேட்ட பெரியாக்கள், கேட்டிருக்க வேணும் தம்பி என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் சொல்ல வார்த்தையில்லாமல் நிறுத்துவதை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். கைக்கு எட்டுகிற ஒலிப்பதிவுகள் கொஞ்சம்தான். அம்ஷன் குமார் 2015 இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்குப் பிறகுதான் கன இளம் பிள்ளைகள் அவருடைய பெயரையே அறிந்தார்கள். அவர் பெரியவரா என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருத்தரும் எத்தனை தட்டு என்று கேட்கமாட்டோம். கேட்டவர்கள் சொன்னார்கள், போதும் என்று ஒப்புக்கொள்வோம். அதே நியாயத்தை நோவா ஸ்கோஷியாக்காரனுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? அவனைக் கேட்டவர்கள் எங்கள் மொழி பேசாதவர்கள் என்பதாலா?

பேஸ்மென்ற் விவாதத்தில் நாங்கள் எல்லாரும் விட்ட பிழை, கலைஞனை அவன் விட்டுச்சென்ற சரக்கால் மட்டும் அளந்ததுதான் என்று இப்ப படுகிறது. ஹென்ட்ரிக்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை. இசைத்தட்டுக் கூடத்தையே ஒரு வாத்தியமாக்கிய மனுஷன் அவர், அவருடைய பெரிய வேலையில் பாதி அங்கேதான் நடந்தது. நெல்சனின் வேலை வேறு. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே பத்துப் பேர். அதில் நாலு பேர் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதிவுக் கருவி இல்லை, பத்திரிகைக்காரன் இல்லை. அந்த இரவும் முழுக் கையையும் வைத்து வாசிக்கிறவன், அதை முப்பது வருஷத்துக்கு மேல் செய்கிறவன் என்றால், என் கணக்கில் அவன் முதல் வரிசை. அவனை அளக்க அந்த அறைக்குள் இருந்தவர்களைத்தான் கேட்க வேணும். அவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நகரமும் அந்த அறைகளை வைத்திருக்கவில்லை. அறுபதுகளில் லிட்டில் பேர்கண்டியில் புதுப்பிப்பு என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். எழுபதுகளில் வில் மரி நெடுஞ்சாலை வந்து சென் அந்துவான் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. சனம் சிதறியது. பிளக் பொட்டமும் போனது. நெல்சன் கிடைத்த இடங்களில் வாசித்துக்கொண்டே இருந்தார். 1980 இல் மொன்றியல் ஜாஸ் விழா தொடங்கிய பிறகு வெளிநாட்டு நட்சத்திரங்களைப் பார்க்க ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. அதே நகரத்தில் வருஷம் முழுக்க வாசிக்கிறவரை அதில் எத்தனை பேர் தேடிப்போனார்களோ. இருந்தாலும் முழுக்க மறந்துபோனார்கள் என்றும் சொல்ல முடியாது. எண்பதுகளில் மொன்றியல் இயக்குநர் மேரி எலன் டேவிஸ் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். 1996 இல் ஜாஸ் விழா அவருக்கு ஒஸ்கார் பீற்றர்சன் பெயரிலான விருதைக் கொடுத்தது. ரக்சி றேடியோ கொண்டுபோன பக்கத்துத் தெருப் பையனின் பெயரில், போகாமல் நின்றவருக்கு விருது. 2003 இல் சார்ள்ஸ் பிடில் இறந்தார். 2008 ஒக்ரோபரில், 75 வயதில், நெல்சன் சைமண்ட்ஸ் இதே மொன்றியலில் காலமானார்.

போன ஞாயிறு மருமகன் போன் எடுத்தான். நெல்சன் கடைசிக் காலத்தில் வாசித்த ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறான். பிடித்ததா என்று கேட்டேன். ஒரு இடத்தில் என்ன செய்கிறார் என்றே விளங்கவில்லை மாமா, இருபது தரம் திருப்பிப் போட்டுப் பார்த்திட்டன் என்றான். படிப்பு எப்படிப் போகுது என்றும் கேட்டேன், அக்காவுக்காக. சோதனை வருகுதாம், படிக்கிறானாம்.

பின்னேரம் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு சென் அந்துவானால் போனேன். ரூஃபஸ் ரொக்ஹெட்டின் பெயரில் இப்ப மொன்றியலில் ஒரு சின்னத் தெரு இருக்கிறது, அதையும் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். மவுண்டன் தெரு முனை வந்ததும், இதிலைதான் எண்டு கையைக் காட்டினேன். நெடுஞ்சாலைக்குப் போகிற வாகனங்கள் பின்னால் நின்று ஹோன் அடித்தன. நிறுத்த இடமில்லை. அவன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான். பிறகு இன்னொரு சுற்று வருவமா மாமா என்று கேட்டான்.